மாறாத மதிப்புகள், ஓயாத நிகழ்வுகள்: வாசகர் கேள்வி பதில்

ரியாக்டிவ் மென்பொருளைப் பற்றி வந்த கேள்விகள் பலவும் ஃபங்ஷனல் புரோகிராமிங்கையும் தொட்டே அமைந்திருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ரியாக்டிவ் மென்பொருள் பயிற்சிகளில் ஃபங்ஷனல் புரோகிராமிங்கையும் கூடவே கற்பிக்கிறார்கள். முன்னது கட்டமைப்பைப் பற்றியது, பின்னது நிரல் எழுதும் முறையைப் பற்றியது. இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

இரண்டும் தனித்தனியே பிறந்தவைதாம். உள்ளீட்டை வாங்கி விடை தரும் ஃபங்ஷன்களைக் கோத்து நிரல் எழுதும் ஃபங்ஷனல் முறையின் வேர், 1930-களில் அலான்சோ சர்ச் வகுத்த லாம்டா கால்குலஸ் என்ற கணிதக் குறியீட்டு முறையில் இருக்கிறது. அதன் சாயலுடன் 1958-இல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழி, வெவ்வேறு வடிவங்களில் இன்றும் புழக்கத்தில் உள்ளது. ரியாக்டிவ் கட்டமைப்பு என்று இன்று நாம் சொல்வதோ மிகப் பிந்தியது. ஜோனாஸ் பொனேர் முதலானோர் 2013-இல் வெளியிட்டு 2014-இல் திருத்திய ரியாக்டிவ் மேனிஃபெஸ்டோ, அத்தகைய மென்பொருளுக்கு நான்கு பண்புகளைச் சொல்கிறது. உரிய நேரத்தில் பதில் தருவது, ஒரு பகுதி பழுதானாலும் மற்றவை தொடர்ந்து இயங்குவது, சுமைக்கேற்ப விரிந்து சுருங்குவது, இம்மூன்றுக்கும் அடிப்படையாகப் பகுதிகள் தமக்குள் செய்திகளை அனுப்பிக்கொண்டு இயங்குவது ஆகியவையே அவை.

இவற்றில் எதுவும் ஃபங்ஷனல் முறையைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அந்த முறை இல்லாமல் இவற்றை அடைய முயன்றால் எங்கே இடறும் என்பதை இருக்கை முன்பதிவு ஒன்றை வைத்துப் பார்க்கலாம். பன்னிரண்டாம் எண் இருக்கை காலியாக உள்ளதா என்று இரண்டு த்ரெட்கள், அதாவது நிரலுக்குள் ஒரே நேரத்தில் இயங்கும் இரண்டு வேலைத் தொடர்கள், ஒரே நொடியில் பார்க்கின்றன. இரண்டுக்கும் "ஆம்" என்றே பதில் வருகிறது. இரண்டும் தத்தம் பயணியின் பெயரை எழுதிவிடுகின்றன. பின்னால் எழுதியது நிலைக்கிறது, முன்னவருக்கோ உறுதிச் செய்தி ஏற்கெனவே போய்விட்டது. ஒன்று முடிக்கும்வரை மற்றதைத் தடுத்து நிறுத்தும் லாக் போட்டால் இது தீரும் என்பது உண்மைதான். ஆனால் லாக்குக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு த்ரெட்டும் முதல் பண்பைக் கெடுக்கிறது. லாக்கை வைத்திருக்கும் சர்வர் விழுந்தால் இரண்டாவது பண்பு கெடுகிறது. சர்வர்களின் எண்ணிக்கையைக் கூட்டும்போது அந்த லாக்கையே நெட்வொர்க் வழியாகப் பேச வேண்டியிருப்பதால் மூன்றாவதும் கெடுகிறது.

சிக்கல், பகிர்வதும் மாற்றுவதும் ஒரே இடத்தில் கூடுவதால் வருகிறது. பல சர்வர்களில் இயங்கும் மென்பொருளில் பகிர்வதை நிறுத்த வழியில்லை. ஆகவே மாற்றுவதை நிறுத்தப் பார்க்கிறோம். ஒருமுறை உருவான மதிப்பு மாறாது, ஒரே உள்ளீட்டுக்கு ஃபங்ஷன் எப்போதும் ஒரே விடையைத் தரும் என்ற இரண்டு விதிகளையும் ஏற்றுக்கொண்டால், செய்தியாக அனுப்பிய மதிப்பை அனுப்பியவரே பின்னால் திருத்திவிடுவாரோ என்ற கவலையும், அதைத் தடுக்கும் லாக்கும் தேவையற்றுப் போகின்றன.

அப்படியானால் இருக்கை யாருக்கு என்பதை யாராவது ஒருவர் தீர்மானித்துத்தானே ஆக வேண்டும்? ஆம். அந்த இருக்கைகளுக்கு ஒரே ஓர் உரிமையாளர் இருப்பார். வரும் கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தீர்ப்பார். 1973-இல் கார்ல் ஹியூயிட்டும் அவருடைய சகாக்களும் முன்வைத்த ஆக்டர் மாதிரி இதுதான். மாற்றத்தை அடியோடு ஒழிக்க எவராலும் முடியாது. அது நிகழும் இடங்களைச் சுருக்கி, வேலி போட்டு வைக்கலாம். அந்த வேலி எங்கே என்பதைத் தெளிவாக வரைவதற்கு ஃபங்ஷனல் முறை உதவுகிறது.

கேள்வி: ஃபங்ஷனல் ரியாக்டிவ் புரோகிராமிங், ரியாக்டிவ் எக்ஸ்டென்ஷன்ஸ், ரியாக்டிவ் கட்டமைப்பு ஆகியவை ஒன்றுதானா?

ஒன்றல்ல. முதலாவதை 1997-இல் கோனல் எலியட்டும் பால் ஹூடக்கும் அசைவூட்டப் படங்களுக்காக வகுத்தார்கள்; காலத்தோடு தொடர்ச்சியாக மாறும் அளவுகளையும், குறித்த கணத்தில் நிகழும் நிகழ்வுகளையும் சமன்பாடுகளாக எழுதுவது அதன் நோக்கம். இரண்டாவது, எரிக் மெயரின் குழு மைக்ரோசாஃப்ட்டில் உருவாக்கிய நூலகக் குடும்பம்; விட்டுவிட்டு வரும் நிகழ்வுகளின் ஓடையைப் பட்டியலைக் கையாள்வதுபோல் வடிகட்டவும் உருமாற்றவும் இணைக்கவும் அது வழிசெய்கிறது. மூன்றாவது, முந்தைய பதிலில் சொன்னபடி, பல சர்வர்களில் பரவியிருக்கும் மென்பொருளைப் பற்றியது. ஒரே அடைமொழியை மூன்றுக்கும் சூட்டியது யாருக்கும் நன்மை செய்யவில்லை என்பது என் கருத்து.

மூன்றுக்கும் பொதுவான உணர்வை அறிய, 1979-இல் வந்த விசிகால்க் முதல் இன்றுவரை நாம் பயன்படுத்தும் விரிதாளைப் பார்த்தாலே போதும். ஒரு கட்டத்தை மாற்றினால் அதைச் சார்ந்த கட்டங்கள் தாமாகவே மாறுகின்றன. "இப்போது மறுபடி கணக்கிடு" என்று நாம் கட்டளையிடுவதில்லை. அதைச் சரியாகச் செய்வது தோன்றுவதைவிடக் கடினம். அ என்பது 2, ஆ என்பது அ-வுடன் 1, இ என்பது அ-வும் ஆ-வும் சேர்ந்தது என்று வையுங்கள். இ-யின் மதிப்பு 5. இப்போது அ-வை 3 ஆக்குகிறோம். ஆ புதுப்பிக்கப்படுவதற்கு முன்பே இ கணக்கிடப்பட்டால் ஒரு கணம் 6 என்று காட்டி, பிறகு 7 ஆகும். அந்த 6 எந்த நிலையிலும் உண்மையாக இருந்ததே இல்லை. திரையில் தோன்றி மறைந்தால் கண் சிமிட்டலோடு போய்விடும். "6 ஆனால் எச்சரிக்கை அனுப்பு" என்று எங்காவது எழுதியிருந்தால் எச்சரிக்கை போய்விடும். கிளிட்ச் எனப்படும் இதைத் தவிர்க்க, சார்புகளின் வரிசைப்படியே கணக்கிடும் ஒழுங்கு நூலகத்துக்குள் இருக்க வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நூலகம் அந்த உறுதியைத் தருகிறதா என்று அதன் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பல நூலகங்கள் தருவதில்லை.

கேள்வி: நான் கணக்குவழக்கு மென்பொருளில் பணிபுரிகிறேன். மதிப்புகள் மாறவே கூடாது என்றால் ஒருவருடைய கணக்கு இருப்பு எப்படி மாறும்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய நகல் எடுத்தால் நினைவகம் தாங்குமா?

இரண்டாவது பகுதியை முதலில் முடித்துவிடலாம். முழு நகல் எடுப்பதில்லை. குளோஜர், ஸ்காலா போன்ற மொழிகளில் பெரிய பட்டியல்கள், கணுவுக்கு 32 கிளைகள் கொண்ட மரமாகச் சேமிக்கப்படுகின்றன. 32-ஐ நான்கு முறை பெருக்கினால் 10,48,576 வரும். அதாவது பத்து லட்சம் உறுப்புகளை நான்கே மட்டங்களில் அடக்கிவிடலாம். ஓர் உறுப்பை மாற்றிய புதிய பட்டியல் வேண்டும் என்றால், உச்சியிலிருந்து அந்த உறுப்புக்குப் போகும் வழியிலுள்ள நான்கு கணுக்களுக்கு மட்டும் புதிய நகல் எடுத்து, மீதியைப் பழைய பட்டியலோடு பகிர்ந்துகொள்கிறார்கள். பத்து லட்சத்துக்குப் பதிலாக ஏறத்தாழ 128 இடங்கள். பழைய பட்டியலை எவரும் திருத்த மாட்டார்கள் என்ற உறுதி இருப்பதால்தான் இந்தப் பகிர்வு பாதுகாப்பாகிறது என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் நேரடியாக எழுதப்படும் அணியைவிட இது வேகம் குறைந்ததே. படச் செயலாக்கம் போல எண்களை அரைத்துத் தள்ளும் உள்சுழற்சிகளில் சாதாரண அணியையே பயன்படுத்துங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஃபங்ஷன் தூயதாக, அதாவது விடை தருவதைத் தவிர வெளியே எதையும் மாற்றாததாக, தெரிந்தால் போதும்.

இனி முதல் பகுதி. கணக்குத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும். பேரேட்டில் எவரும் இருப்பை அழித்துத் திருத்துவதில்லை. வரவு 500, பற்று 200 என்று பதிவுகள் சேர்கின்றன. 300 என்ற இருப்பு அவற்றிலிருந்து பெறப்படுகிறது. தவறு நேர்ந்தால் எதிர்ப்பதிவு போடுகிறோம். ஈவென்ட் சோர்சிங் என்று மென்பொருளில் சொல்லப்படுவது இதுவே. நடந்தவற்றின் பட்டியல் மாறாதது. இப்போதைய நிலை என்பது, முதல் நிகழ்விலிருந்து கடைசி நிகழ்வுவரை ஒரு ஃபங்ஷனை வரிசையாகச் செலுத்திப் பெறும் விடை.

இதை எழுதும்போது இரண்டு ஃபங்ஷன்களை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். இது சிறிதாகத் தோன்றினாலும் முழு அமைப்பும் இதன்மேல்தான் நிற்கிறது. ஒன்று முடிவெடுப்பது: இப்போதைய நிலை, வந்திருக்கும் கோரிக்கை, இப்போதைய நேரம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, நிகழ்வுகளையோ மறுப்புக்கான காரணத்தையோ திருப்பித் தரும். மற்றது ஏற்றிக்கொள்வது: நிலையையும் ஒரு நிகழ்வையும் வாங்கி, புதிய நிலையைத் தரும், அதற்கு மறுக்கும் உரிமை கிடையாது. பழைய நிகழ்வுகளை மறுபடி ஓட்டி நிலையைக் கட்டும்போது இரண்டாவதை மட்டுமே அழைக்க வேண்டும். ஒரு நாளில் 1000 வரை எடுக்கலாம் என்றிருந்த விதி பின்னர் 500 ஆகக் குறைக்கப்பட்டதாக வையுங்கள். ஏற்றிக்கொள்ளும் ஃபங்ஷனுக்குள் விதியைச் சோதிக்கும் வரி ஒன்று நுழைந்திருந்தால், சென்ற ஆண்டு 800 எடுத்தவரின் கணக்கை மறுபடி கட்டும்போது அந்தப் பற்று மறுக்கப்பட்டு, கையை விட்டுப் போன பணம் கணக்கில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும்.

நேரத்தையும் உள்ளீடாகவே தர வேண்டும் என்று மேலே எழுதியதற்குக் காரணம் உண்டு. ஃபங்ஷனுக்குள்ளேயே கணினியின் கடிகாரத்தைப் பார்த்தால், பகலில் தேறும் சோதனை நள்ளிரவை ஒட்டி ஓடும்போது தோற்கும். "இன்று" என்பது கணக்கின் நடுவிலேயே மாறிவிடும். தற்போக்கு எண்களுக்கும் இதே விதி பொருந்தும்.

செலவும் இருக்கிறது. நிகழ்வுகள் பெருகினால் அவ்வப்போது நிலையைப் படமெடுத்துச் சேமித்து, அதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பழைய வடிவத்தில் எழுதிய நிகழ்வுகளை எத்தனை ஆண்டுகள் கழித்தும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தனிநபர் விவரங்களை அழிக்கும்படி சட்டம் கோரினால், அழிக்கவே கூடாத பட்டியலில் அதை எப்படிச் செய்வது என்ற கேள்வி எழும். ஒவ்வொருவருடைய விவரத்தையும் தனிச் சாவியால் மறையாக்கம் செய்து வைத்து, தேவைப்படும்போது சாவியை அழித்துவிடுவது ஒரு வழி. வெறும் முகவரிப் பட்டியலைப் பராமரிக்கும் மென்பொருளுக்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை.

கேள்வி: பக்கவிளைவே இல்லாத ஃபங்ஷனால் தரவுத்தளத்தில் எழுதவும் முடியாது, மின்னஞ்சல் அனுப்பவும் முடியாது. பிறகு அதனால் என்ன பயன்?

செய்வதையும், செய்ய வேண்டியதை விவரிப்பதையும் பிரித்தால் இந்த முரண் மறைகிறது. தூய ஃபங்ஷன் மின்னஞ்சலை அனுப்பாது. "இன்னாருக்கு இந்தக் கடிதத்தை அனுப்பு" என்ற விவரிப்பை ஒரு மதிப்பாகத் திருப்பித் தரும். நிரலின் விளிம்பில் இருக்கும் சிறு பகுதி அதை நிறைவேற்றும். ஹாஸ்கெல் மொழி இதைத் தன் வகை முறைமையிலேயே கட்டாயமாக்கியிருக்கிறது. ஸ்காலாவில் கேட்ஸ் எஃபெக்ட், ஸியோ போன்ற நூலகங்கள் அதே வசதியைத் தருகின்றன.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பின்னால் வரப்போகும் விடைக்கு இடம்பிடித்து வைக்கும் ஸ்காலாவின் ஃபியூச்சரும் ஜாவாஸ்கிரிப்ட்டின் பிராமிஸும், உருவான கணத்திலேயே இயங்கத் தொடங்கிவிடுபவை. "தோற்றால் மூன்று முறை மறுபடி முயல்" என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்கு ஃபியூச்சர் ஒன்றை உள்ளீடாகக் கொடுத்துப் பாருங்கள். முதல் முயற்சி தோற்றதும் அந்த ஃபியூச்சருக்குள் தோல்வி உறைந்துவிடுகிறது. உங்கள் ஃபங்ஷன் மூன்று முறையும் அதே பழைய தோல்வியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும், நெட்வொர்க்கில் ஒரு பைட்கூடப் போகாது. விவரிப்பை மதிப்பாகக் கொடுத்திருந்தால், அதை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக நிறைவேற்றலாம், இடையில் காத்திருக்கலாம், கால வரம்பு வைக்கலாம், வேறொன்றோடு போட்டியிடவிட்டு முந்தியதை எடுத்துக்கொள்ளலாம். ரியாக்டிவ் மென்பொருளுக்கு அன்றாடம் வேண்டியவை இவைதாம்.

கேள்வி: தேடல் பெட்டி ஒன்றில் பயனர் தட்டத் தட்ட முடிவுகளைக் காட்டுகிறோம். சில வேளைகளில் பழைய சொல்லுக்கான முடிவு திரையில் நின்றுவிடுகிறது. எங்கே தவறு?

பதில்கள் அனுப்பிய வரிசையிலேயே திரும்பி வரும் என்று உங்கள் நிரல் நம்புகிறது. பயனர் "கட" என்று தட்டியதும் ஒரு கோரிக்கை போகிறது. "கடல்" என்று முடித்ததும் இன்னொன்று போகிறது. "கட" என்பதற்குப் பொருத்தங்கள் அதிகம் என்பதால் அதன் பதில் தாமதமாக வந்து, ஏற்கெனவே வந்துவிட்ட "கடல்" முடிவின்மேல் எழுதிவிடுகிறது. அலுவலகத்தின் வேகமான இணைப்பில் சோதித்தால் இது கண்ணில் படாது.

வழக்கமாக இதற்கு ஒரு மாறியில் வரிசை எண்ணை வைத்து, ஒவ்வொரு பதிலிலும் ஒப்பிட்டுச் சமாளிப்பார்கள். பிறகு காத்திருப்புக்கு ஒரு டைமர், பிழைக்கு ஒரு கொடி என்று மாறிகள் பெருகும். தட்டல்களை ஓர் ஓடையாகக் கருதினால் அதையே மூன்று உருமாற்றங்களின் தொடராக எழுதலாம். டிபௌன்ஸ், தட்டுவது 300 மில்லிநொடி ஓய்ந்த பிறகே கடைசிச் சொல்லை விடுகிறது. டிஸ்டிங்ட்-அன்டில்-சேஞ்ட், முந்தைய சொல்லே மீண்டும் வந்தால் தவிர்க்கிறது. ஸ்விட்ச்மேப், புதிய சொல் வந்ததும் பழைய கோரிக்கையின் விடையைக் கைவிட்டுப் புதியதைத் தொடர்கிறது.

எச்சரிக்கை ஒன்று. ஸ்விட்ச்மேப் கைவிடுவது விடையைத்தான். சர்வரில் தொடங்கிவிட்ட வேலை நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. தேடலில் அதனால் பாதகமில்லை. "பணம் செலுத்து" பொத்தானின் சொடுக்குகளை இதே உருமாற்றத்தில் கோத்தால், பயனர் பொறுமையிழந்து இருமுறை அழுத்தும்போது முதல் செலுத்தல் சர்வரில் நிறைவேறிவிட, அதன் விடையை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவது செலுத்தலும் போய்ச் சேரும். ஒன்று முடியும்வரை அடுத்த சொடுக்கைப் புறக்கணிக்கும் எக்ஸாஸ்ட்மேப் அங்கே பொருந்தும். ஆவணத் திருத்தங்களைச் சேமிப்பதுபோல் ஒவ்வொன்றும் வரிசை மாறாமல் நடக்க வேண்டும் என்றால் கான்கேட்மேப். பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் எதையாவது எடுத்து ஒட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது.

கேள்வி: எங்கள் சர்வர் காலையில் நன்றாக இயங்கி, நண்பகலுக்குள் நினைவகம் தீர்ந்து விழுகிறது. எல்லாவற்றையும் செய்தி வரிசைக்கு மாற்றியும் பயனில்லை. ஏன்?

செய்தி வரிசை சுமையைக் குறைப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. நொடிக்கு 1000 செய்திகள் வந்து, உங்களால் 800-தான் முடிக்க முடியும் என்றால், நொடிக்கு 200 வீதம் ஒரு மணி நேரத்தில் 7,20,000 செய்திகள் தேங்கும். அந்த வேளையில் வந்து சேரும் செய்தி தன் முறைக்காக 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். பயனரோ முதல் நிமிடத்திலேயே பக்கத்தைப் புதுப்பித்து இன்னொரு கோரிக்கையையும் வரிசையில் சேர்த்திருப்பார். எல்லையில்லா வரிசை என்று எதுவும் கிடையாது. எல்லையை நீங்கள் வைக்காவிட்டால் நினைவகம் வைக்கும்.

வாங்குபவர் கேட்ட அளவுக்கே அனுப்புபவர் தர வேண்டும் என்ற ஒப்பந்தம் இதற்கு மருந்து, பேக்பிரஷர் என்கிறோம். 2015-இல் முதல் பதிப்பாக வெளிவந்த ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் விதிமுறை இதை நான்கு இன்டர்ஃபேஸ்களாகச் சுருக்கி வைத்தது. 2017-இல் ஜாவா 9 அவற்றைத் தன் மூல நூலகத்திலேயே சேர்த்துக்கொண்டது. வாங்குபவர் "இன்னும் 50 தா" என்று கேட்பார். அனுப்புபவர் அதற்குமேல் ஒன்றுகூடத் தரக்கூடாது. தேவைப்படும்போது மட்டும் அடுத்த உறுப்பைக் கணக்கிடும் சோம்பேறிப் பட்டியல், ஃபங்ஷனல் மொழிகளில் நெடுங்காலமாக இருப்பது. அதையே நெட்வொர்க்கின் இரு முனைகளுக்கும் இடையே நீட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

மூலத்தை மெதுவாக்க முடியாத இடங்களும் உண்டு. உணர்கருவி தன் அளவீட்டை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அங்கே பழையதைக் கைவிடுவதா, புதியதை மறுப்பதா, பத்தைச் சேர்த்து ஒரு சராசரியாக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். வெப்பநிலை அளவீட்டில் பழையதை விடலாம்; பணப் பரிமாற்றத்தில் எதையும் விட முடியாது, ஆகவே வாசலிலேயே "இப்போது இயலாது" என்று மறுத்துவிடுவதுதான் நேர்மை. இந்தத் தேர்வைப் புரோகிராமர் தனியே செய்யக்கூடாது. தொழிலை நடத்துபவரையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

கேள்வி: ஒரே தரவைப் பல கோர்களில் பிரித்துக் கூட்டினால், சில வேளைகளில் கடைசி இலக்கம் மாறுகிறது. கணினி தவறு செய்கிறதா?

இல்லை. பிரித்துக் கூட்டுவது சரியாக வர வேண்டுமானால், எங்கே அடைப்புக்குறி போட்டாலும் விடை மாறாத பண்பு அந்தச் செயலுக்கு இருக்க வேண்டும். முழு எண் கூட்டலுக்கு அது உண்டு. மிதவைப் புள்ளி எண்களுக்கு இல்லை. 0.1-ஐயும் 0.2-ஐயும் முதலில் கூட்டிப் பிறகு 0.3-ஐச் சேர்த்தால் 0.6000000000000001 வரும், 0.2-ஐயும் 0.3-ஐயும் முதலில் கூட்டிப் பிறகு 0.1-ஐச் சேர்த்தால் 0.6 வரும். பணக் கணக்காக இருந்தால் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகவோ தசம வகையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிழைகளுக்கு எக்செப்ஷன் போதாதா? ரிசல்ட், ஐதர் என்று விடையைச் சுற்றிக் கட்டுவது நிரலை நீட்டுகிறதே.

பிழை நேர்ந்ததும் எழும் எக்செப்ஷன், அந்த ஃபங்ஷனை அழைத்தவரைத் தேடி, எதை எது அழைத்தது என்று குறித்து வைத்திருக்கும் அழைப்பு அடுக்கின் வழியே மேலேறிப் போகிறது. வேலையை வேறொரு த்ரெட்டிடம் ஒப்படைத்துவிட்ட நிரலில், அழைத்தவர் அந்த அடுக்கில் இல்லவே இல்லை. எக்செப்ஷன் எவரும் பிடிக்காமல் பதிவேட்டில் ஒரு வரியாக முடிந்துபோகும், பயனர் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரிசல்ட், ஐதர் வகைகளில் நடப்பதுபோல் பிழையும் ஒரு மதிப்பாக இருந்தால், அதைச் செய்தியாக அனுப்பலாம், வரிசையில் வைக்கலாம், மற்றொரு சர்வருக்குக் கொண்டுபோகலாம்.

ஆனால் எல்லாப் பிழைகளையும் ஒரே பையில் போடாதீர்கள். இருப்பு போதவில்லை என்பது எதிர்பார்த்த விடை. அது ஃபங்ஷனின் வகையிலேயே தெரிய வேண்டும். வட்டு எழுத மறுப்பதும் நினைவகம் தீர்வதும் வேறு இனம். அவற்றை ஒவ்வொரு வரியிலும் சோதித்துக்கொண்டிருந்தால் உண்மையான வேலை அந்தப் புதரில் மறைந்துபோகும். எரிக்சன் நிறுவனத்தில் 1986-இல் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் தொடங்கிய எர்லாங் மொழி, இந்த இரண்டாம் இனத்துக்கு வியப்பூட்டும் விடை ஒன்றைத் தந்தது: விழட்டும் என்று விடு. எர்லாங்கின் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி நினைவகம். ஒன்று விழுந்தால் மற்றதன் தரவு கெடாது. விழுந்ததைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர், நல்ல தொடக்க நிலையிலிருந்து அதை மறுபடி எழுப்பும். வாட்ஸ்அப்பின் சர்வர்கள் இந்த மொழியின்மேல் எழுந்தவை.

விண்ணப்பப் படிவங்களைச் சோதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுக்கும் ஃபிளாட்மேப் வழியாகச் சோதனைகளைக் கோத்தால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். பெயர், தேதி, மின்னஞ்சல் மூன்றும் தவறாக நிரப்பியவர் மூன்று முறை படிவத்தை அனுப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்றையொன்று சாராத சோதனைகளைத் தனித்தனியே நடத்திப் பிழைகளைப் பட்டியலாகச் சேர்க்கும் வாலிடேட்டட் போன்ற வகையை அங்கே பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஜாவா 21-இல் விர்ச்சுவல் த்ரெட் வந்துவிட்டது. இனியும் ரியாக்டிவ் நூலகங்களைக் கற்க வேண்டுமா?

கோரிக்கை வருகிறது, தரவுத்தளத்தைப் படிக்கிறோம், பதில் தருகிறோம் என்ற அளவிலான சேவையானால் வேண்டாம் என்பேன். சாதாரண த்ரெட் ஒவ்வொன்றையும் இயங்குதளம் சுமக்க வேண்டியிருந்ததால், காத்திருக்கும் ஆயிரக்கணக்கான கோரிக்கைகளைச் சமாளிக்க நிரலைத் துண்டு துண்டாக நறுக்கி ஓடையாகக் கோத்தோம். பிழை வந்தால் அழைப்பு அடுக்கில் நம் நிரலின் ஒரு வரிகூட இருக்காது. நூலகத்தின் உட்பெயர்களே பக்கம் பக்கமாக ஓடும். 2023-இல் வந்த, ஜாவாவே மலிவாக நிர்வகிக்கும் விர்ச்சுவல் த்ரெட் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. மேலிருந்து கீழாக எழுதிய எளிய நிரலே இப்போது அந்தச் சுமையைத் தாங்கும்.

தீராதவை வேறு. இரண்டு விர்ச்சுவல் த்ரெட்கள் ஒரே மாறியைத் திருத்தினால் முன்பு கெட்டதுபோலவே கெடும். த்ரெட் மலிவானதால் இன்னும் அதிகமானோர் ஒரே நேரத்தில் திருத்த வருவார்கள். காத்திருப்பவர்களின் எண்ணிக்கைக்குத் த்ரெட் தொகுதியின் அளவு ஓர் எல்லையாக இருந்தது; அதுவும் இப்போது இல்லை, ஆகவே தரவுத்தள இணைப்புகளுக்கு நீங்களே வரம்பு வைக்க வேண்டும். காலத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்வுகளை வடிகட்டுவதும் இணைப்பதும் ஓடைகளாக எழுதும்போதுதான் இன்றும் தெளிவாக இருக்கின்றன. இத்துறையின் செல்லப்பிள்ளையாக இருந்த எல்ம் மொழி, காலத்தோடு மாறும் மதிப்பைக் குறிக்கும் சிக்னல் என்ற தன் மையக் கருத்தையே 2016-இல் கைவிட்டு, செய்தியையும் நிலையையும் வாங்கிப் புதிய நிலையைத் தரும் ஒரே ஃபங்ஷனோடு நின்றுகொண்டது. நூலகங்கள் வரும், போகும். அந்த ஒரு ஃபங்ஷனின் வடிவம் ஜாவாஸ்கிரிப்ட்டின் ரிடக்ஸ் நூலகம் உட்படப் பல இடங்களில் குடியேறிவிட்டது.

கேள்வி: பத்தாண்டுப் பழமையான பெரிய நிரல் எங்களுடையது. மொழியை மாற்ற அனுமதி கிடைக்காது. எங்கிருந்து தொடங்கலாம்?

மொழியை மாற்ற வேண்டியதில்லை. எந்த ஃபங்ஷனைத் தொடவே குழுவினர் தயங்குகிறார்களோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது தரவுத்தளத்தைப் படிக்கும், ஒரு நிபந்தனையைப் பார்க்கும், மின்னஞ்சல் அனுப்பும், மறுபடி படிக்கும், இன்னொரு நிபந்தனையைப் பார்க்கும், கடைசியில் எழுதும். படிப்புகள் அனைத்தையும் மேலே கொண்டுபோங்கள். எழுதுவதையும் அனுப்புவதையும் கீழே தள்ளுங்கள். நடுவில் எஞ்சும் நிபந்தனைகளைத் தனி ஃபங்ஷனாக்கி, படித்த மதிப்புகளையும் நேரத்தையும் உள்ளீடாகக் கொடுத்து, செய்ய வேண்டியவற்றின் பட்டியலை விடையாக வாங்குங்கள். இரண்டாவது படிப்பு, முதல் நிபந்தனையின் விடையைப் பொறுத்தது என்றால் முழுமையாகப் பிரிக்க முடியாது; அங்கே முடிவெடுக்கும் ஃபங்ஷனை இரண்டாக்கி, இடையில் அந்தப் படிப்பை வையுங்கள். எப்படியும் தேவைப்படலாம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்துவிடும் ஆசை வரும். தரவு சிறிதாக இருந்தால் அதற்கு இணங்கலாம்.

பிரித்தெடுத்த ஃபங்ஷனுக்குச் சோதனை எழுதும்போது, போலித் தரவுத்தளமோ போலி மின்னஞ்சல் சர்வரோ தேவைப்பட்டால் ஏதோ ஒரு படிப்பு இன்னும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதையும் வெளியே எடுத்துவிட்டு, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே உள்ளீடுகளை ஓட்டி விடைகளை ஒப்பிட்ட பிறகே பழைய ஃபங்ஷனை நீக்குங்கள்.